நீ வாசிக்காமல் விட்ட நான்கு வரி

மகனே,

கல்லடிப் பாலத்தைத் திறந்துவிட்ட வருஷம் அது. அதுவரைக்கும் தோணியில் ஆள் ஏற்றிப் பிழைத்தவர்கள் இனி என்ன தொழில் பார்ப்பது என்று கரையில் குந்தியிருந்தார்கள். மாசி பிறந்தும் மழை விடாமல் பெய்து, ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த போடியாரின் வயல் வட்டையில் விளைந்து நின்ற நெல்லெல்லாம் தண்ணீருக்குள் சாய்ந்து முளைவிட்டது. வாவித் தண்ணீர் நம் சுண்ணாம்புச் சூளையின் வாசல்வரை ஏறி, நெருப்பு வைக்க வழியில்லாமல் மூன்று மாதம் கிடந்தோம். உனக்கு ஐந்து வயது. அந்த வருஷந்தான் வாவிக்கு மேற்கே நம் படுவான்கரையில் சபை உண்டானது. புதுக் கோயில் வாசலில் பதித்திருக்கும் கல்லில் வேறு வருஷம் வெட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள். அது போடியார் சபையில் சேர்ந்த வருஷம். எனக்கு எழுத்துத் தெரியாததால் கல்லில் என்ன வெட்டியிருந்தாலும் என் ஞாபகத்துக்கு அதனால் குறைவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. உன்னைப் போதகராக அபிஷேகம் பண்ணிவிட்டார்கள் என்றும், கட்டி முடித்திருக்கும் பெரிய கோயிலுக்கு உன்னையே முதல் போதகராக அனுப்புகிறார்கள் என்றும், பிரதிஷ்டை நாளில் நான் வெள்ளை வேட்டி கட்டி முன் வாங்கில் வந்து உட்கார வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். துறையடியில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் காத்தான்குடிக் காசிம் காக்கா வாசித்துக் காட்டினார். இந்தப் பதிலையும் நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். நம் சபையில் எழுதத் தெரிந்த எத்தனையோ பேர் இருக்க, ஏன் அவரைப் பிடித்தேன் என்பது பின்னால் வரும். ஒரு பக்கம் முடிந்தால் அதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். “அண்ணே, என்னிலயும் நம்பிக்கை விட்டுப்போச்சா?” என்று சிரிக்கிறார். “உம்மில இருக்கு காக்கா, கடதாசியிலதான் இல்ல” என்றேன். அதையும் எழுதும் என்றேன், எழுதிவிட்டார்.

முன் வாங்கில் உட்காருவேனா மாட்டேனா என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் நீ வேதசாஸ்திரம் படித்தவன். ஒரு சபை எப்படி உண்டாகி எப்படி வளர்கிறது என்று அங்கே உனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்தச் சபை உண்டான விதத்தை அவர்களால் சொல்லியிருக்க முடியாது. பொறுமையாகக் கேள்.

நாம் வாவியில் மட்டிச் சிப்பி எடுத்துச் சுண்ணாம்பு சுடுகிற ஆட்கள். ஊர் முழுக்கச் சுவருக்கு அடிப்பது நம் சுண்ணாம்பு, வெற்றிலையில் தடவுவதும் நம் சுண்ணாம்பு. நம் கை தொட்ட சுண்ணாம்பு அவர்கள் வாய்க்குள் போகும். நம் கை தொட்ட தண்ணீர் போகாது. அம்மன் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடியின் பேராகக் கூப்பிட்டு வரிசை கொடுப்பார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று கேட்போம். எல்லாப் பேரும் கூப்பிட்டு முடித்துப் பறையும் ஓய்ந்துவிடும், எங்கள் பேர் வந்ததே கிடையாது. அப்படி இருக்கும்போதுதான் வெள்ளைப் பாதிரியார் ஒருவர் புதுப் பாலத்தால் சைக்கிளில் வந்து, செட்டிபாளையத்தில் தோணி பிடித்து இக்கரை இறங்கினார். அவரோடு தமிழ் உபதேசியார் ஒருவரும் வந்தார். மெலிந்த மனிதர், நல்ல குரல். ஆறு மாதம் எங்கள் கொட்டிலிலேயே படுத்து, உன் அம்மா ஆக்கின சோற்றைத் தின்று எங்களுக்கு வேதம் சொல்லித் தந்தார். அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த நாளில் அவர் நல்லவராகத்தான் இருந்தார்.

பதினொரு வீட்டார் ஞானஸ்நானம் பெற்றோம். முதல் திருவிருந்து சூளைக்குப் பக்கத்துக் கொட்டிலில் நடந்தது. பாதிரியார் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் எடுத்து நீட்டினார். ஒருவரும் அசையவில்லை. ராகேல் மாமி முன்னே வந்தாள். எனக்கு மச்சாள் முறை; மட்டி எடுக்கப் போன இடத்தில் புருஷனை வாவிக்குப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக வீடு நடத்தினவள். முந்தின நாள் ஞானஸ்நானம் பெறும்வரை வள்ளியம்மையாக இருந்து ராகேல் ஆகியிருந்தாள். “ஐயா, நான் வாய் வைச்சா மறுகா இத ஆர் குடிப்பா?” என்று கேட்டாள். “பறையாமக் குடிகா” என்று வாயடக்கச் சொல்லி உபதேசியார் அதட்டினார். அவள் கேட்டது என்ன என்று பாதிரியார் விசாரித்து அறிந்து, “கடைசியில் நான்” என்றார். சொன்னபடியே, பதினொரு வீட்டாரும் குடித்து முடித்த பிறகு கிண்ணத்தின் அடியில் கிடந்ததை அண்ணாந்து குடித்தார். எங்கள் வாய்களின் வெற்றிலைச் சிவப்பும் அதில் இருந்திருக்கும். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது முந்தின நாள் என்றாலும், நான் கிறிஸ்தவன் ஆனது அந்த மிடறு அவர் தொண்டையால் இறங்கினபோதுதான். ராகேல் திரும்பி வந்து என் காதுக்குள் சொன்னாள்: “மச்சான், குடிச்சிட்டார் பாத்தயா. துப்பவுமில்ல.”

சபை வளர்ந்தது. கொட்டில் போதாமல் சுவர் வைத்துக் கோயில் கட்டினோம். சுண்ணாம்பு முழுக்க எங்கள் காணிக்கை. மட்டக்களப்புக்கு ரயில் வந்த வருஷம் ஓடு ரயிலில் வந்து இறங்கிற்று. அதைத் தோணியில் ஏற்றி வந்தவர்களில் நானும் ஒருவன். எழுத்துப் படிக்க எனக்கு வயது போய்விட்டது, ஆனால் காது ஒருக்கால் கேட்டதை விடாது. உபதேசியார் ஒரு ஞாயிறு வம்ச வரலாறு வாசிக்கும்போது வெயில் ஏறுகிறது என்று மூன்று பேரைத் தாண்டிப் போனார். நான் எழும்பி, “ஐயா, அந்த மூண்டு பேரும் செத்துப்போனாக்களா, விட்டிட்டுப் போறீங்க?” என்று கேட்டேன். கோயிலே சிரித்தது. அவருக்குக் காது சிவந்து போயிற்று. திரும்பி வந்து அந்த மூன்று பேரையும் வாசித்தார். நீ என் பக்கத்தில் இருந்து என்னை அண்ணாந்து பார்த்தது எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் நீயே வேதபாடம் வாசிக்க எழும்பினாய். அன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்கு இல்லாத கண்ணைக் கர்த்தர் உன்னிடம் தந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பிறகு போடியார் வந்தார். அம்மன் கோயிலில் முதலாவதாக எந்தக் குடியின் பேரைக் கூப்பிடுவது என்ற வழக்கில் தோற்றுப்போய், இருபது வீட்டாரைக் கூட்டிக்கொண்டு நம் கோயிலுக்கு வந்தார். அங்கே கிடைக்காத முதலிடத்தைத் தேடித்தான் வந்தார் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. போடியாரும் நாமும் ஒரே பாயில் என்று மகிழ்ந்தோம். அவர் வீட்டார் முதலில் குடித்தார்கள். நாங்கள் பின்னால் குடித்தோம். சரி, வந்த விருந்தாளிகள் என்று விட்டுக்கொடுத்தோம். மலேரியாக் காய்ச்சல் ஊரைத் தின்ற வருஷம் பாதிரியார் வீடு வீடாகக் கொயினா மருந்து கொடுத்தார். பிழைத்தவர்களில் பாதிப்பேர் சபைக்கு வந்தார்கள். அந்தக் காய்ச்சல் அவரையும் பிடித்து, அவரைக் கப்பலில் ஏற்றி அவர் நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அடுத்துப் பாதிரியாராக வந்த துரைக்குத் தமிழ் தெரியாது. உபதேசியார் சொல்வதுதான் அவர் கேட்பது. அப்போதுதான் ஒரு நாள் உபதேசியார் அந்த வெள்ளிக் கிண்ணத்தைச் சாம்பலும் புளியும் போட்டு வாவிக்கரையில் தேய்த்துக்கொண்டிருக்கக் கண்டேன். “வெள்ளி கறுத்துப்போச்சு” என்றார், என்னைப் பார்க்காமல். அந்தக் கிண்ணம் கறுக்கவில்லை. போடியார் பெண்சாதி நாலு மாதமாகத் திருவிருந்துக்கு எழும்பி வராததை ஊரே அறியும். போன ஞாயிறு எங்கள் வாய் பட்டதுதானே இந்த ஞாயிறு தங்களுக்கு வருகிறது என்று அவள் கணக்குப் பார்த்துவிட்டாள்.

இனி நான் சொல்லப் போவது உனக்குத் தெரிந்தது. தெரிந்தாலும் கேள். காய்ச்சலுக்கு அடுத்த வருஷம், ஆராதனை முடிந்து நாங்கள் சூளையடியில் இருந்தோம். உபதேசியார் மைப்பெட்டியும் ஒரே மாதிரி எழுதின இரண்டு கடதாசியுமாக வந்தார். நம் கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டுத் துரைக்கு விண்ணப்பம், வீட்டுக்கு ஒருவர் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குப் பெருமை விடவில்லை. “ஐயா, நீங்க வாசிக்க வேணாம். என்ட மகன் வாசிக்கட்டும், எல்லாரும் கேக்கட்டும்” என்றேன். “அவனே வாசிக்கட்டும், நானும் அதத்தான் நினைச்சன்” என்று கடதாசியை உன் கையில் தந்தார். உனக்குப் பதினேழு வயது. நீ எழும்பி நின்று வாசித்தாய். நல்ல குரலில், தடக்காமல் வாசித்தாய். நடுவில் ஒரு தரம் இருமினாய். புகை போகிறது என்று நான் உனக்குத் தண்ணீர் எடுக்கச் சொன்னேன். அன்றைக்குச் சூளை எரியவில்லை, மகனே. ஞாயிற்றுக்கிழமையில் நாம் சூளை எரிப்பதே இல்லை.

வாசித்து முடிந்ததும் ராகேல் கடதாசியை எட்டிப் பார்த்தாள். “மனே, அவ்வளவுதானா? கடதாசி நீளமாக் கிடக்கு, நீ வாசிச்சது கட்டையாக் கிடக்கே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். உபதேசியார், “எழுத்துப் பெரிசு அக்கா, சொல் கொஞ்சந்தான்” என்றார். அவள் விடவில்லை. “ஐயா, மட்டிக் கூடையக் கண்ணால அளக்கிறவள் நான். இது கூடை நிறையக் கிடக்கு, வீட்ட வந்தது அரைக்கூடை.” எனக்கு ஆத்திரம் வந்தது. “எப்பயிருந்து நீ கடதாசி அளக்கத் துவங்கின? என்ட மகன் வாசிச்சது உனக்குக் காணாதா?” என்று பத்துப் பேர் முன்னால் அவளை ஏசினேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ மைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “சரி மச்சான், உன்ட பிள்ள எனக்கும் பிள்ளதானே” என்று சொல்லி விரலை மையில் வைத்தாள். கண் தெரியாத சூசைக் கிழவருக்கு மை வைக்கிற இடம் தெரியவில்லை. நான்தான் அவர் பெருவிரலைப் பிடித்துக் கடதாசியில் அழுத்தினேன், இரண்டு கடதாசியிலும். உபதேசியார் பார்த்துச் சிரித்தார்: “ஒருவருக்கும் ரேகை விழல்லயே. சுண்ணாம்பு திண்டுபோட்டுது.” பதினொரு கறுப்புப் பொட்டு. கோடு ஒன்றும் இல்லை.

அடுத்த மாதமே பட்டணத்தில் வாத்தியார் படிப்புப் படிக்கும் பள்ளியில் உனக்கு விடுதி இடம் கிடைத்தது. உபதேசியார்தான் துரையிடம் பேசி வாங்கித் தந்தார். உன் அம்மா துறையடியில் நின்று, “பிள்ள உங்கட முகத்தப் பார்க்காமத் தோணியில ஏறிட்டான்” என்றாள். அழுகை வந்திருக்கும், ஆம்பிளைப் பிள்ளை காட்டமாட்டான் என்றேன். அவள் சாகிறவரைக்கும் அதை இரண்டு மூன்று தரம் கேட்டாள். ஒவ்வொரு தரமும் அதே பதிலையே சொன்னேன்.

பள்ளிக்கூடம் வந்தது. துரை வந்து திறந்தார். “துரை உங்கட விருப்பப்படியே எல்லாம் செய்து தந்திட்டார்” என்று உபதேசியார் சொல்ல, நாங்கள் “ஓம் ஐயா, ஓம் ஐயா” என்று கைகூப்பி நின்றோம். பிறகு அவர், கோயிலில் இடம் போதாமல் போய்விட்டது, பெரிய கோயில் கட்டி முடியும்வரைக்கும் நீங்கள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஆராதனை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆள் பெருகினது உண்மைதானே. நம்பினோம். எங்களுக்கென்று ஒரு பித்தளைக் கிண்ணம் வந்தது. அதில் மிஞ்சினதை உபதேசியார் குடிக்கமாட்டார், வாசலுக்கு வெளியே மண்ணில் ஊற்றுவார். அதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய கோயில் வரட்டும், வெள்ளிக் கிண்ணத்துக்குத் திரும்பிப் போவோம் என்று இருந்தோம். பன்னிரண்டு வருஷம் அந்தப் பெரிய கோயிலுக்கு மட்டி சுட்டோம். வெள்ளைக்காரரின் யுத்த காலத்தில் ஆள் இல்லாமல், விறகு இல்லாமல், கிழவர்கள் நாங்களே வாவிக்குள் இறங்கிச் சுட்டோம். அந்தக் கோயிலின் எந்தச் சுவரை நீ தொட்டாலும் அது எங்கள் கைபட்டது.

நீ லீவுக்கு வருவாய். பள்ளிக்கூடத்தில் எங்களோடு ஒரு ஞாயிறு கூட நீ இருந்ததில்லை. வாத்தியார் என்று போடியார் பக்கத்துப் பழைய கோயிலில் உனக்கு இடம் இருந்தது. படித்தவனுக்கு அங்கே வேலை இருக்கும் என்று நானும் உனக்காகப் பேசினேன். ராகேல் உனக்கென்று கோலாமீன் பொரித்துக் கொண்டு வருவாள். வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: “மனே, பெரிய கோயில் எப்ப முடியும்?” நீ முள்ளை எடுத்துக்கொண்டே, “கெதியா முடியும் மாமி” என்பாய். பன்னிரண்டு வருஷம் அப்படிச் சொன்னாய். பதினேழு வயதில் பயந்து ஒரு பொய் சொன்னதை நான் பொறுத்துக்கொள்வேன். அவள் பொரித்த மீனைத் தின்றுகொண்டு சொன்னதை எப்படிப் பொறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் வெள்ளையடிக்கக் கடைசிச் சுண்ணாம்பை இறக்கப் பெரிய கோயிலுக்குப் போனேன். போடியாரின் மருமகன்தான் கட்டட வேலைக்குப் பொறுப்பு. பிரதிஷ்டை அன்றைக்கு எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் இருப்பது என்று கேட்டேன். “உங்கட ஆக்களுக்குத் தனிச் சபை இருக்கே. உங்களுக்கு மட்டும் முன் வாங்கு, போதகர்ட தகப்பன் எண்டபடியால” என்றான். பெரிய கோயில் முடியும்வரைதானே அது என்றேன். அவன் சிரித்தான். “ஆர் சொன்னது? நீங்களே விண்ணப்பம் போட்டுக் கேட்டு வாங்கினீங்க. பதினொரு பேர்ட கைநாட்டு இருக்கு.” பள்ளிக்கூடத்துக்குத்தான் கைநாட்டு வைத்தோம், என் மகன் வாசித்தான், சொல்லுக்குச் சொல் எனக்குத் தெரியும் என்று சத்தம் போட்டேன். “அப்ப மகனிட்டயே கேளுங்க” என்று சொல்லிவிட்டு ஏணியைப் பிடிக்கப் போய்விட்டான்.

நேராகக் காசிம் காக்காவின் கடைக்கு வந்து குந்தினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வெற்றிலைத் தட்டுக்கு அடியில் கையை விட்டு, மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார். போன வருஷம் உபதேசியார் செத்துப்போனதும் அவர் பெண்சாதி பெட்டியில் கிடந்த பழைய கடதாசிகளைச் சுண்ணாம்பு சுற்றக் கடைக்குக் கொடுத்திருக்கிறாள். “எல்லாத்தையும் கிழிச்சுச் சுத்திட்டன் அண்ணே. இதுல மட்டும் கை போகல்ல. கோடில்லாத பதினொரு விரல். எந்தக் கரையாக்கள் எண்டு பார்த்த உடன தெரிஞ்சுது. ஆனா இது உங்களுக்குத் தெரிஞ்சு நடந்ததெண்டு நினைச்சன்” என்றார். வாசியும் என்றேன்.

அவர் துவங்கினார். சூளைக்கரையில் குடியிருக்கும் நாங்கள் பதினொரு வீட்டாரும் பணிவாய் விண்ணப்பம் செய்வதாவது என்று வந்தது. நானும் கூடவே வாய்க்குள் சொன்னேன். எங்கள் பிள்ளைகள் படிப்பதற்கு எங்கள் கரையிலேயே ஒரு பள்ளிக்கூடம் தந்தருள வேண்டும். அவரும் நானும் ஒரே சொல்லில் போனோம். “சரியா வருது காக்கா, இனிக் கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக எண்டு வரும்” என்றேன். நீ அந்த இடத்தில்தான் இருமினாய். காக்கா தலையை ஆட்டினார். “இல்ல அண்ணே, இன்னும் நாலு வரி கிடக்கு.” வாசித்தார். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே எங்கள் ஆராதனையையும் திருவிருந்தையும் தனியாக நடத்திக்கொள்ளவும், கோயிலில் மற்றச் சபையாரோடு பந்திக்கு வருவதை விட்டுவிடவும், பெரிய கோயில் கட்டப்படும்போதும் அப்படியே இருக்கவும், நாங்களும் எங்கள் சந்ததியும் சொந்த மனதோடு கேட்டுக்கொள்கிறோம். அதற்குப் பிறகுதான் ஆசீர்வாதம். இன்னொரு தரம் வாசியும் என்றேன். வாசித்தார். மூன்றாம் தரம் நானே சொன்னேன், அவர் கடதாசியைப் பார்த்துச் சரி என்றார்.

போடியார்மேல் எனக்குக் கோபம் இல்லை. வந்த நாளில் எப்படி இருந்தாரோ சாகும்போதும் அப்படியே இருந்தார். உபதேசியார் எங்கள் சோற்றைத் தின்று எங்கள் கிண்ணத்தை மண்ணில் ஊற்றினார். அதற்கு அவர் போன இடத்தில் பதில் சொல்லட்டும். இரண்டு பேரும் என் கண்ணை மூடவில்லை. அவர்கள் எங்களை வெளியே விட்டார்கள் என்று ஊர் சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். நாங்களே கேட்டோம் என்றல்லவா எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று வளர்ந்தவர்கள். ஒரே ஒரு இடத்தில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அந்த ஓர் இடத்தை எங்கள் கையாலேயே எழுதிக் கொடுக்க வைத்தாய்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன், நீ எழுப்பும் முன்பே. உபதேசியார் வாசித்திருந்தால் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருப்பேன், நிறுத்தியிருப்பேன். நீ வாசித்ததால் கேட்கவில்லை, ரசித்துக்கொண்டிருந்தேன். ராகேல் சரியான கேள்வி கேட்டாள். அவள் வாயை அடைத்தவன் நான். சூசைக் கிழவரின் விரலைப் பிடித்து அழுத்தினவனும் நான். ஆகவே ஏமாந்தவர்களோடு சேர்ந்து நின்று உன்னை ஏச எனக்கு உரிமை குறைவு. நீ பாதி செய்தாய், நான் பாதி செய்தேன்.

இனி நீ போதகர். தகப்பன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. உனக்கு முன்னால் இருந்து கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உன் வாயை நம்பிக் கேட்பார்கள். தாண்டிப் போனால் ஒருவரும் பிடிக்கமாட்டார்கள். வம்ச வரலாற்றில் மூன்று பேரை விட்டால் கூட எழும்பிக் கேட்க இனி அங்கே நான் இருக்கமாட்டேன். முன் வாங்கில் நான் உட்காரப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில்தான் இருப்பேன்.

இதை ஊரில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. காக்காவும் சொல்லமாட்டார். நான் சொன்னால் அது கிழவன் ஒருவன் போட்ட சண்டையாக முடியும். நீதான் சொல்ல வேண்டும். பதவியை விடு என்று நான் கேட்கவில்லை. உன் வேலை போகுமா நிற்குமா என்பது உனக்கும் உன் சபைக்கும். கடதாசியை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பவில்லை, காக்காவிடம் இருக்கிறது. பிரதிஷ்டைக்கு முந்தின நாள் பகலில் வந்து வாங்கிக்கொள். வாங்கிக்கொண்டு நம் கரைக்கு வா. கைநாட்டு வைத்தவர்கள் முன்னால் நின்று, முதலாம் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் இருமாமல் வாசி. பிறகு பெரிய கோயிலில் வெள்ளிக் கிண்ணத்தை யார் கையில் முதலில் கொடுப்பது என்று உனக்கே தெரியும். தெரியாவிட்டால் நீ படித்ததில் பிரயோசனம் இல்லை.

ஆனால் சுணங்காதே, வாசித்துக் காட்ட ஆட்கள் அதிகம் இல்லை. சூசைக் கிழவர் கைநாட்டு வைத்த வருஷக் கடைசியிலேயே போய்விட்டார். அந்திரேயாவும் அவன் தம்பியும் ஒரே மாரிக்காலத்தில் நெஞ்சுச் சளியில் போனார்கள். யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுக வேலைக்குப் போன பேதுரு திரும்பவில்லை. பெரிய மத்தேசுவைச் சூளைச் சுவர் சரிந்து கொன்றது. சின்ன மத்தேசு, தாவீது, எலிசபெத்து, சவேரி நாலு பேரும் பெரிய கோயில் கட்டின கடைசி நாலு வருஷத்துக்குள், வருஷத்துக்கு ஒருவராக, கோயில் எப்ப முடியும் என்று கேட்டுக்கொண்டே செத்தார்கள். என்னைச் சேர்க்காதே, நான் உன் பக்கத்து ஆள் என்று முதலே சொல்லிவிட்டேன். மிஞ்சியிருப்பது ஒருத்திதான். இருமல் பிடித்து இளைத்துப்போனாள், ஆனாலும் கண் இன்னும் கூர்மை. இன்றைக்குக் காலையில் பெட்டிக்குள் கிடந்த வெள்ளைச் சேலையை எடுத்துத் தோய்த்து, பெரிய கோயில் திறக்கிற அன்றைக்குக் கட்ட வேண்டும் என்று வேலியில் காயப் போட்டுவிட்டு, காற்றுக்குப் பறக்காமல் ஒரு நுனியைப் பிடித்தபடி வெயிலில் நிற்கிறாள் உன் ராகேல் மாமி.